காலுக்குள் எறும்பு: பகல்நேர மையத்துக்கு வந்த ஒரு வளரிளம் பெண் – நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண்ணும் அவளுடைய தாயும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இந்தப் பதிவு வெளியே வருகிறது. ஊர், குடும்பத் தொழில், சில தேதிகளை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் நாங்கள் செய்த தவறுகளையும் மாற்றவில்லை. தாய் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். "நான் மாத்திரையை ஏன் நிறுத்துனேன்னு எழுதுறதா இருந்தா முழுசா எழுதுங்க டீச்சர். அரைகுறையா எழுதுனா என்னையத்தான் திட்டுவாக." முழுசாக எழுதியிருக்கிறேன்.

மையம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் இடம் எங்களுடையது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு என்று ஏதோ ஒன்றால் பள்ளிக்கூடத்தில் உட்கார முடியாமல் போனவர்கள். இந்த நிகழ்வு நடந்த காலத்தில் 11 பேர் வந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதரைக்கு வேன் இறக்கிவிடும், மூன்றரைக்கு ஏற்றிக்கொண்டு போகும். நான் மனநலச் சமூகப் பணியாளர். என்னோடு ஓர் உளவியலாளர், ஒரு பாட ஆசிரியை, பனையோலைக் கொட்டான் (கூடை) பின்னச் சொல்லித்தரும் அம்மா ஒருவர், சமையல் அக்கா, வேன் ஓட்டும் அண்ணன். மனநல மருத்துவர் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருவார். அன்று பிள்ளைகளைப் பெற்றோரே அழைத்து வருவார்கள்.

மையம் நடப்பது ஒரு நகரத்தார் வீட்டில். உரிமையாளர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கு வரும்போது மட்டும் முன்பகுதியை அவர்களுக்கு ஒழித்துக் கொடுப்போம். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றக் கட்டு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளும் வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வளவைச் சுற்றி நாலு பக்கமும், நிறக் கட்டங்களாக ஆத்தங்குடிக் கல் பதித்த பத்தி (நடைபாதை). வீட்டு அமைப்பை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

பகலில் எந்தக் கதவையும் பூட்டுவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இந்தப் பக்கத்து மக்கள் அதை இன்னும் மறக்கவில்லை. பிள்ளையைச் சேர்க்க வருபவர்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் "கட்டிப் போடுவீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். இந்தப் பெண்ணின் அப்பத்தாவும் அதைத்தான் கேட்டார்.

எங்களிடம் வருவதற்கு முன்

2022 நவம்பர். அவளுக்கு அப்போதுதான் 15 வயது நிறைந்திருந்தது. பத்தாம் வகுப்பு. தந்தை மலேசியாவில் உணவகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் தாய், அப்பத்தா, ஒரு தம்பி. முதலில் மாறியது சாப்பாடு. அம்மா தட்டில் போட்டுக் கொடுத்ததைத் தொட மாட்டாள். சட்டியிலிருந்து தானே எடுத்தால் சாப்பிடுவாள், பிறகு அதையும் விட்டாள். வகுப்பில் பின்வரிசையில் இருப்பவர்கள் தன் நினைப்பைப் படிக்கிறார்கள் என்று சொல்லி இடம் மாற்றிக் கேட்டாள். பிறகு குரல்கள். ஓர் ஆணும் ஒரு கிழவியும் அவளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருப்பார்கள். "இப்ப எந்திரிக்கிறா பாரு, இப்ப தண்ணி குடிக்கிறா பாரு" என்று.

பள்ளியில் இதைப் பரீட்சை பயம் என்றார்கள். தை மாதம் கோடாங்கியைப் பார்த்தார்கள். அப்புறம் மனநலம் குன்றியவர்களைத் தங்க வைக்கும் குணசீலம் பெருமாள் கோயில். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்க வேண்டும் என்று போனவர்கள், செய்முறைத் தேர்வு வந்துவிட்டது என்று பாதியிலேயே திரும்பினார்கள். 2023 ஏப்ரலில் பொதுத்தேர்வுக்கு அவள் போகவில்லை. அந்த வகுப்பாசிரியை தாயிடம் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, தன் எதிரிலேயே பேச வைத்தார். அதன் வழியாக மே மாதம் மாவட்ட மனநலத் திட்டத்தின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆறு மாதம் போய்விட்டது. கோடாங்கியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குணசீலத்தில் இருந்த நாட்களில்தான் அவள் ஓரளவு தூங்கினாள் என்று தாய் சொல்கிறார். 'பரீட்சை பயம்' என்ற சொல்தான் அதிக நாட்களைத் தின்றது.

காய்ச்சல், வலிப்பு, தலையில் அடி எதுவும் இல்லை என்று கேட்டறிந்து, தைராய்டும் தலை ஸ்கேனும் பார்த்த பிறகு, மனச்சிதைவு என்று முடிவு செய்து ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தை ஆரம்பித்தார்கள். ஜூலையில் 2 மில்லிகிராமில் குரல்கள் பாதியாகக் குறைந்தன. பள்ளிக்கூடம், "முழுசா குணமான பிறகு கூட்டிட்டு வாங்க" என்றது.

ஏன் பகல்நேரம்

2023 ஆகஸ்டில் எங்களிடம் வந்தபோது, உள்நோயாளியாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்கள் மருத்துவரும் நாங்களும் பேசினோம். உயிருக்கு ஆபத்தான எண்ணம் அப்போது இல்லை. கொஞ்சமாவது சாப்பிட்டாள். இரவில் தாய் பக்கத்தில் படுத்தால் தூங்கினாள். மருத்துவமனை என்றால் மதுரை, இரண்டு மணி நேரப் பயணம். தாய் உடன் தங்கினால் தம்பியை யார் பார்ப்பது? ஆனால் பகல் முழுக்க அப்பத்தாவோடு சும்மா இருக்கும் வீட்டில் குரல்கள் ஓங்கின. ஆட்களும் வேலையும் இருக்கிற இடத்தில் அடங்கின. ஆகவே பகலை நாங்கள் எடுத்துக்கொள்வது, இரவு வீட்டில் என்று முடிவாயிற்று.

முதல் வாரம் வேனை விட்டு இறங்கவில்லை. அண்ணன் வேனை முகப்பு நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். நாலாம் நாள் தண்ணீர் கேட்டு இறங்கினாள், நேரே அடுப்படிக்குப் போனாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் திட்டப்படி பத்து மணிக்குக் கொட்டான் வகுப்பு. அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அழைத்துவர வேண்டாம் என்று விட்டோம். அது தற்செயலாக எடுத்த சரியான முடிவு. உணவில் ஏதோ கலக்கிறார்கள் என்று நம்புகிற பெண்ணுக்கு, அரிசி களைவதிலிருந்து இலை போடுவது வரை கண்ணால் பார்க்கிற இடம் அடுப்படி. மூன்றாம் வாரத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

செப்டம்பரில், குரல்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன என்பதால் மருந்து 3 மில்லிகிராமானது.

நடை

என் குறிப்பேட்டிலிருந்து அப்படியே தருகிறேன்.

"அக்டோபர் 11: வளவுப் பத்தியில் நெடுநேரம் நடந்தாள். கறுப்புக் கட்டங்களை மட்டுமே மிதிக்கிறாள். கொட்டான் வகுப்பில் ஈடுபாடு இல்லை."

"அக்டோபர் 16: காலுக்குள் எறும்பு ஊறுவதாகச் சொல்கிறாள். தொடு உணர்வு மாயை? மருத்துவரிடம் சொல்ல வேண்டும்."

அக்டோபர் 21 சனிக்கிழமை சொன்னேன். கட்டம் பார்த்து மிதிப்பது, எறும்பு இரண்டையும் சேர்த்து, நோய் மறுபடி தலைதூக்குகிறது என்று மருத்துவர், உளவியலாளர், நான் மூவரும் கருதினோம். மருந்து 4 மில்லிகிராம் ஆனது.

அடுத்த இரண்டு வாரம் மோசம். தூக்கம் போனது. நடை கூடியது. நவம்பர் 4 அன்று மருத்துவர் அறையில் பத்து நிமிடம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். ஆகவே அவர் கண்ணில் எதுவும் படவில்லை. மருந்து அப்படியே தொடர்ந்தது. திங்கட்கிழமை மாலை வேனில் அண்ணனிடம், "செத்துப்போனா காலு நிக்கும்ல?" என்று கேட்டிருக்கிறாள். அவர் அன்றிரவே எனக்குப் போன் செய்தார். தாயிடம் பேசி, வீட்டிலிருந்த பூச்சிமருந்தை அப்புறப்படுத்தச் சொன்னேன். இரவில் தனியே விடக்கூடாது என்று ஏற்பாடு செய்தோம். இது எல்லாம் சரிதான். ஆனால் அவள் சொன்ன வாக்கியத்தில் 'செத்துப்போனா' என்ற பாதியை மட்டும்தான் கேட்டோம். 'காலு' என்ற பாதி காதில் விழவில்லை.

வீட்டின் அமைப்புக்கு வருகிறேன். சின்ன அறையில் ஒரு பிள்ளை இப்படி நடந்திருந்தால் அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பத்தியில் நடப்பது எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வது. மனம் சரியில்லாத பிள்ளைக்கு "போய் ரெண்டு சுத்து நடந்துட்டு வா" என்று நாங்களே சொல்வோம். கறுப்புக் கட்டம் விஷயமும் அப்படித்தான். அந்தத் தளத்தில் நடக்கும் எந்தப் பிள்ளையும் ஏதாவது ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் மிதிக்கும். நானும் மிதித்திருக்கிறேன்.

அடுப்படியில் தெரிந்தது

நவம்பர் 8. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. தேன்குழலுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த சமையல் அக்காவிடம், அந்தப் பெண் பகலில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்கப் போனேன். அவர் சொன்னது:

"அந்தப் பிள்ளைக்கு நடக்க ஆசை இல்ல டீச்சர். உட்காரத்தான் ஆசை. உட்காருது, காலு எழுப்பி விட்டுருது. ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிக்குது, எந்திரிச்சுட்டு அழுகுது. நடந்தா எறும்பு போயிருதாம், உட்கார்ந்தா வருதாம்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆயுத பூஜைக்கு முன்னால் இருந்தே என்றார். ஏன் சொல்லவில்லை என்று என் வாய் வரை வந்தது. அதற்குள் அவரே சொன்னார்: "நீங்கதான் எழுதிக்கிட்டே இருக்கீகளே, தெரியும்னு நெனச்சேன்."

நடந்தால் போகிறது, உட்கார்ந்தால் வருகிறது. இந்த ஒரு விவரம் போதும். மாயையாகத் தோன்றும் எறும்பு, எழுந்து நடப்பதற்காக இப்படி ஒழுங்காக வந்து போகாது. இது மனநோய் மருந்துகள் சிலருக்கு உண்டாக்கும் உட்கார முடியாத தவிப்பு. மருத்துவத்தில் அக்காதீசியா என்பார்கள். மருந்து ஆரம்பிக்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் வரும். வெளியே பார்ப்பவருக்கு நோய் முற்றியது போலவே இருக்கும், ஆகவே மருந்தைக் கூட்டுவார்கள், தவிப்பும் கூடும். நாங்கள் செய்தது அதுவேதான். இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விடும் எண்ணம் வருவதும் தெரிந்த விஷயம்.

அன்று மதியமே மருத்துவரை அழைத்தேன். 1989 முதல் இதற்கென்று பார்ன்ஸ் அளவுகோல் இருக்கிறது. ஆளை உட்கார வைத்துக் குறைந்தது இரண்டு நிமிடம், நிற்க வைத்து இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும், கவனம் வேறு பேச்சில் இருக்கும்போது. அப்புறம் நேரடியாகக் கேட்க வேண்டும். அடுப்படிப் படியில் உட்கார வைத்து, அக்கா அவளோடு முறுக்கு அச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே பாதங்கள் மாறி மாறித் தரையை உரசின.

மருத்துவர் மறுநாள் முறையில்லாத நாளில் வந்தார். மருந்தை 2 மில்லிகிராமுக்குக் குறைத்தார். ஆஸ்துமா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தவிப்பை அடக்க புரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்த்தார். கை கால் விறைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் பேசிடேன் இந்தத் தவிப்புக்கு அவ்வளவாக உதவாது என்பதால் அதைத் தொடவில்லை. மருந்தைக் குறைத்தால் குரல்கள் கூடலாம் என்று தாயிடம் சொல்லி, தினமும் இரவு எட்டு மணிக்கு நான் போன் செய்வது என்று வைத்துக்கொண்டோம். தீபாவளி கழிந்து வந்த முதல் நாள் அவள் ஒரு வேளைச் சாப்பாட்டை எழுந்திருக்காமல் முடித்தாள். அந்த மாதக் கடைசியில் நடை நின்றது. குரல்கள் கூடவில்லை. டிசம்பரில் தன் முதல் கொட்டானைப் பின்னி முடித்தாள், ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எங்களுக்குள் இதைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. கையிலிருந்த தகவலை வைத்துப் பார்த்தால் 'மாயை' என்று நினைத்ததில் தவறில்லை என்றார் உளவியலாளர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தகவல் இருந்தது, எங்கள் கூரைக்குக் கீழேயே இருந்தது, அதைச் சேகரிக்கிற வழி மட்டும் இல்லை. மருத்துவமனையில் பத்து நிமிடம் பார்ப்பார்கள், நாங்கள் ஆறு மணி நேரம் பார்க்கிறோம் என்றுதான் மற்றவர்களிடம் பெருமை பேசுவோம். அந்த ஆறு மணி நேரத்தில் நாங்கள் எழுதி வைத்தது அவள் எந்த வகுப்பில் உட்கார்ந்தாள், எதில் உட்காரவில்லை என்பதை. ஏன் உட்காரவில்லை என்று அவள் காலைக் கேட்கவில்லை.

இரண்டாவது முறை

இவ்வளவு நடந்த பிறகு பாடம் படித்திருப்போம் என்று நினைக்கத் தோன்றும். இல்லை.

சேர்க்கைப் படிவத்தில் மாதவிடாய் என்று ஒரு கட்டம் உண்டு. ஆகஸ்டில் அதில் 'சீராக உள்ளது' என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நானும் பெண்தான், கைவேலை அம்மாவும் பாட ஆசிரியையும் பெண்கள்தான். கேட்கவில்லை.

அக்டோபரோடு அவளுக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. நவம்பர், டிசம்பர், ஜனவரி இல்லை. தாய் எண்ணிக்கொண்டிருந்தார். புத்தி நிலையில் இல்லாத வயசுப் பெண், வேனில் போய் வருகிறாள், மையத்தில் ஆண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர் மனம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது. தெரிந்த முகம் இல்லாத தேவகோட்டைக்குப் பஸ் ஏறிப்போய் மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிவந்து பார்த்திருக்கிறார். இல்லை என்று காட்டியது. அந்த நாளைப் பற்றி அவர் பேசும்போது இன்றும் குரல் உடைகிறது. வேன் அண்ணனையும் எங்களையும் ஒரு வாரம் சந்தேகப்பட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியது நாங்கள்.

கர்ப்பம் இல்லை என்றால் மாத்திரைதான் காரணம் என்று அவரே கண்டுபிடித்தார். "மருந்துச் சூட்டுல ரத்தம் வத்திப்போச்சு. இப்படியே விட்டா கர்ப்பப்பை சுருங்கிரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாக. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்க வேணாமா?" பிப்ரவரிக் கடைசியில், இரவு மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வாளியில் போட ஆரம்பித்தார். அட்டை காலியானது. நாங்கள் அட்டையைத்தான் பார்த்தோம்.

மாத்திரை நின்ற ஒன்பதாம் நாள் மாதவிடாய் வந்தது. தாயின் கணக்கு சரி. காரணம் சொன்னதில் மட்டும்தான் பிசகு. ரிஸ்பெரிடோன் மூளையில் டோபமினைத் தடுக்கிறது. அந்த டோபமின்தான் புரோலாக்டின் என்ற சுரப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பது. தடை விழுந்தால் புரோலாக்டின் ஏறும், மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். இந்த மருந்துக்கு இது நன்றாகத் தெரிந்த பக்க விளைவு. ஆரம்பத்திலேயே இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம்.

மறு தாக்கம்

மார்ச் ஆரம்பத்தில் அவள் மறுபடி தூங்கவில்லை, தட்டில் போட்டதைத் தள்ளினாள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழா நேரம். ஊரெங்கும் பால்குடம், மைக் செட், மேளம். திருவிழாச் சத்தம் பிள்ளையைக் கலைத்திருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதினேன். இப்படி எதற்கும் ஒரு காரணம் என்னிடம் தயாராக இருக்கும் என்பதை இந்தப் பதிவை எழுதும்போதுதான் கவனித்தேன்.

பங்குனி முதல் வாரத்தில் ஓர் இரவு இரண்டு மணிக்கு வீட்டை விட்டுப் போனாள். ஊருணிக் கரையில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவளைக் காவலுக்குப் போன ஒரு பெரியவர் பார்த்தார். கிழவியின் குரல் கூப்பிட்டது என்றாள். விடியற்காலையில் மதுரைக்குக் கொண்டுபோனோம். வேன் அண்ணன்தான் ஓட்டினார்.

18 வயது நிறையாதவர்களை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தனி நடைமுறை இருக்கிறது. பெற்றோரின் விண்ணப்பம் வேண்டும், ஒருவராவது மனநல மருத்துவராக உள்ள இருவர் தனித்தனியே பார்த்து ஒப்ப வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, 72 மணி நேரத்துக்குள் மனநல ஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஆளோ உடன் தங்க வேண்டும். தாய் தங்கினார். 'உள்ளே போட்டுவிட்டால் பிறகு பார்க்க விட மாட்டார்கள்' என்று பயந்திருந்தவருக்குப் பக்கத்திலேயே படுக்கலாம் என்றதும் பாதி உயிர் வந்தது. தம்பியை நாங்கள் மாலை வரை மையத்தில் வைத்துக்கொண்டோம்.

தாய் உண்மையைச் சொன்னது அங்கேதான், பத்தாம் நாள், வார்டில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர் "கடைசியா எப்போ குளிச்சா?" என்று மாதவிடாயைப் பற்றிக் கேட்டபோது. அதற்குள் ரிஸ்பெரிடோனை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் புரோலாக்டின் 90ஐத் தாண்டியிருந்தது, 25க்குள் இருக்க வேண்டியது. "பால் குடுக்குற தாய்க்கு மாதவிடாய் தள்ளிப்போகும்ல, அந்தச் சுரப்புதாம்மா இது. மருந்தை மாத்துனா இறங்கிரும், கர்ப்பப்பைக்கு ஒண்ணும் ஆகல" என்று அந்த மருத்துவர் விளக்கினார். அதே விளக்கத்தை ஐந்து மாதம் முன்னால் நாங்கள் கொடுத்திருக்கலாம்.

மருந்து மாற்றம்

எந்த மருந்துக்கு மாற்றுவது என்பது எளிதாக இல்லை. புரோலாக்டினை ஏற்றாதது, சொல்லப்போனால் இறக்குவது, அரிப்பிப்ரசோல். ஆனால் அதற்கு உட்கார முடியாத தவிப்பைக் கிளப்பும் குணம் உண்டு. இவள் ஏற்கெனவே ஒருமுறை அதில் வெந்தவள். ஓலன்சபின் எடையை ஏற்றும், அப்பத்தாவுக்கும் தந்தைக்கும் சர்க்கரை நோய். குவெட்டியபின் பகலில் தூங்க வைக்கும், பகல்தான் எங்கள் வேலைநேரம். அவளையே கேட்டோம். "குண்டாக வேணாம். எறும்பு வந்தா இந்தத் தடவை உடனே சொல்றேன்" என்றாள். அரிப்பிப்ரசோலைக் குறைந்த அளவில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் 10 மில்லிகிராம் வரை ஏற்றினார்கள், பழையதைப் படிப்படியாக இறக்கினார்கள். 19 நாளில் வீடு திரும்பினாள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை அதே அடுப்படிப் படியில் உட்கார வைத்துப் பார்த்தோம். 10 மில்லிகிராமைத் தொட்டபோது ஒரு வாரம் கால் அரித்தது. அவளே சொன்னாள். புரோப்ரனலால் கொஞ்ச நாள் கொடுத்ததும் அடங்கியது. ஜூலையிலிருந்து மாதவிடாய் சீரானது.

மாத்திரையை இனி மையத்தில் எங்கள் கண்முன் கொடுப்பது என்று உளவியலாளர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அந்தத் தாய் அலட்சியத்தால் நிறுத்தவில்லை. பார்த்ததை வைத்து யோசித்து நிறுத்தினார், எங்களைவிட ஒழுங்காகவே பார்த்திருந்தார். மாத்திரை வீட்டிலேயே இருந்தது. அதோடு ஒரு காலண்டர் கொடுத்தேன். அதில் தூக்கம், மாதவிடாய், கால், மலச்சிக்கல் எல்லாவற்றையும் தாய் தன் குறியீட்டில் எழுதி மாதக்கடைசியில் கொண்டுவருவார். எனக்கு அந்தக் காலண்டர்தான் இப்போது முதல் ஆவணம்.

அதற்குப் பிறகு

2024 ஜூனிலிருந்து பாட ஆசிரியையோடு தினமும் ஒரு மணி நேரம் படிப்பு, பிறகு இரண்டு மணி நேரம். 2025 பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதினாள். நாலு பாடம் தேறினாள், கணக்கு போனது. துணைத்தேர்வு எழுத விரும்பவில்லை, வற்புறுத்தவில்லை. குரல்கள் முழுக்கப் போகவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது கிழவி மட்டும் ஏதாவது சொல்வாளாம். "சொல்லிட்டுப் போகட்டும், எனக்கு வேன் வந்துரும்" என்கிறாள். தந்தை ஒருமுறை வந்து போனார். அவரிடம் சொல்ல வேண்டியதில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை, மூன்று நாள்தான் இருந்தார். அது இன்னும் பாக்கி.

மாற்றியவையும் மாற்ற முடியாதவையும்

குறிப்பேட்டில் இப்போது பிள்ளை சொன்னதை அதன் வாய்மொழியிலேயே எழுதுகிறோம். 'மாயை?', 'ஈடுபாடு இல்லை' போன்ற எங்கள் சொற்கள் தனிப் பக்கத்தில். 'எறும்பு ஊறுது, உட்கார்ந்தா வருது' என்று எழுதியிருந்தால் மருத்துவர் படித்த நிமிடமே பிடித்திருப்பார்.

மருந்து ஆரம்பித்தாலும் கூட்டினாலும் முதல் ஆறு வாரம் வாரம் ஒருமுறை உட்கார வைத்துப் பார்ப்பது. பெண்பிள்ளைகளின் தாயிடம் மாதவிடாயைப் பற்றி மருந்து தொடங்கும் அன்றே பேசுவது. நிற்கலாம், நின்றால் பயப்பட வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது என்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, இடுப்பளவு, சர்க்கரை. இதையெல்லாம் ஏட்டில் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தோம். மனநோய்க்காரப் பிள்ளை என்றதும் அதற்கு உடம்பு என்று ஒன்று இருப்பது எங்களுக்கே மறந்துபோனது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சமையல் அக்காவும் வேன் அண்ணனும் உட்காருகிறார்கள். அக்கா எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார், பேசுவார். முதல் சில கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, மேசையைச் சுற்றி நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால் அவருக்குப் பேச்சு வராது. இப்போது கூட்டம் அடுப்படியில் நடக்கிறது.

மாற்ற முடியாதது ஒன்று இருக்கிறது. 2025 நவம்பரில் அவளுக்கு 18 நிறைகிறது. எங்கள் மையத்துக்கு உள்ள பதிவு அந்த வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான். எங்கள் வேன் போய்வரும் தூரத்தில் பெரியவர்களுக்கான பகல்நேர மையம் இல்லை. மார்ச் வரை நீட்டித்துத் தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. இதற்கிடையில் அக்கா, தனக்கு முழங்கால் வலி, கைக்கு ஓர் ஆள் வேண்டும், இந்தப் பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார். சிகிச்சைக்கு வந்த இடத்திலேயே வேலை கொடுப்பது சரியா என்று உளவியலாளருக்குத் தயக்கம். எனக்கும் இருக்கிறது. அவளிடம் இன்னும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போன வெள்ளிக்கிழமை அடுப்படி வாசலில் நின்று, சம்பளம் எவ்வளவு என்று அவளே கேட்டாள்.